ஒரு நீளம், இரண்டு குட்டை

இரவு மணி பதினொன்றரை. ஏரிக்கரை ரோடு. ஒரு பக்கம் தண்ணீர்... இன்னொரு பக்கம் பூட்டிக் கிடக்கும் மரம் அறுக்கும் மில்கள். தெருவிளக்கு அங்கொன்று இங்கொன்றுதான் எரியும். அந்த ரோட்டில் ஒரே ஒரு ஸ்கூட்டர் போய்க்கொண்டிருக்கிறது.

இருங்கள், போர்வையை இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளுங்கள். கரண்ட் வரும்வரை தூக்கம் வராது, கதை சொல் கதை சொல் என்று என் உயிரை வாங்கியது நீங்கள்தான். பாதியில் யாராவது 'போதும்க்கா' என்றால் நான் நிறுத்த மாட்டேன். ரத்தப் பரிசோதனை செய்கிறவள் நான். ஊசியைக் குத்திவிட்டுப் பாதியில் உருவுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

"நெஜமா நடந்ததாக்கா?" என்று மருந்துக் கவுன்ட்டர்காரி இப்போதே என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்கூட வேலை பார்த்தாளே, எக்ஸ்ரே ரூம்ல ஒல்லியா ஒருத்தி. அவளோட சொந்தச் சித்தப்பாவுக்கு நடந்தது. அவ பொய் சொல்ல மாட்டா. பொய் சொல்ற அளவுக்கு அவளுக்குக் கற்பனை கிடையாது."

அந்தச் சித்தப்பா பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது கிளம்பியது... காலமெல்லாம் அதே வேலை. குடும்பத்தில் அவருக்கு 'நிமிஷம்' என்றே பெயர். சித்தி குளிக்கப் போனால்கூடக் கதவுக்கு வெளியே நின்று, "இன்னிக்கு நேத்தைவிட லேட்டு" என்பார். அவர் ஓய்வு பெற்று வீட்டோடு வந்தபோது சித்தி அரண்டு போனாள். எங்கேயாவது, எந்த வேலையானாலும் பரவாயில்லை, இவரை அனுப்பிவிட வேண்டும் என்று தேடியவளே அவள்தான். அப்படிக் கிடைத்ததுதான் இந்த வேலை.

ஓர் ஆய்வு ஆபீஸ். பகலில் ஊர் முழுக்க டாக்டர்கள் இருக்கிறார்கள், சரி. கிளினிக் நேரம் முடிந்த பிறகு? பெரிய ஆஸ்பத்திரி ஊருக்கு அந்தக் கோடியில். நடுராத்திரியில் ஒருவருக்கு நெஞ்சு அடைத்தால், பக்கத்தில் இருக்கும் சின்ன கிளினிக்கின் கதவு திறக்குமா? எவ்வளவு நேரத்தில் திறக்கும்? அதை அளக்க ஆள் எடுத்தார்கள். நேரம் பார்ப்பதில் சித்தப்பாவை மிஞ்ச ஆள் ஏது?

வேலை இதுதான். நோயாளி மாதிரி போக வேண்டும். வாசலில் இரவு மணி இருக்கும். அதை அடித்த நொடியில் சட்டைப் பைக்குள் ஸ்டாப் வாட்சை அமுக்க வேண்டும். விளக்கு எப்போது எரிந்தது, கதவு எப்போது திறந்தது, டாக்டர் எப்போது முகம் காட்டினார்... எல்லாம் அளவு. 'என்ன செய்யுது' என்று கேட்டால், 'வயித்து வலி டாக்டர், இப்ப தேவலை' என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். தான் யார் என்று மூச்சு விடக் கூடாது. தெரிந்தால் அடுத்த முறை விழுந்தடித்துக்கொண்டு கதவைத் திறப்பார்கள். அளவு கெட்டுவிடும்.

மணி அடிப்பதற்கும் ஒரு முறை வைத்திருந்தார்கள். முதலில் ஒரு நீளம். கொஞ்சம் இடைவெளி. பிறகு இரண்டு குட்டை. ஆளாளுக்கு ஒரு தினுசாக அடித்தால் ஒருவர் அளவோடு இன்னொருவர் அளவு ஒட்டாதாம். சித்தப்பாவுக்கு இந்த ஒழுங்கு ரொம்பப் பிடித்துப் போனது.

"ஊரைத் தூங்க விடாம மணி அடிக்கறதுக்குச் சம்பளமா? எனக்கும் வாங்கிக் குடுக்கா," என்றாள் மருந்துக் கவுன்ட்டர்காரி.

"நீ மொதல்ல நைட் டூட்டிக்கு நேரத்துக்கு வந்து சேரு. கதையைக் கேளு."

ஏரிக்கரை ரோடு முடிகிற இடத்தில் ஒரு மாடி வீடு. கீழே கிளினிக். மேலே டாக்டரம்மா, தனியாக. வயதானவர். இரண்டு முட்டியிலும் வலி. அந்த வட்டாரத்தில் ராத்திரியில் கதவு திறக்கிற ஒரே டாக்டர் அவர்தான். கதவுக்குப் பக்கத்தில் சுவரில் பழைய காலத்துக் கருப்புப் பொத்தான். சித்தப்பா முதல் முறை போய் அடித்தார். ட்ர்ர்ர்ர்ர்ங்... ட்ரிங். ட்ரிங்.

மாடியில் உடனே விளக்கு எரிந்தது. பிறகு படிக்கட்டில் செருப்புச் சத்தம். சரக்... டொக். சரக்... டொக். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்குகிற சத்தம். கதவு திறந்தபோது தலைவலித் தைலம் மணத்தது. கலைந்த தலை, தோளில் சால்வை. முகத்தில் எரிச்சல் துளியும் இல்லை.

"உள்ள வாங்க, உள்ள வாங்க. உக்காருங்க."

நோயாளி உட்கார ஒரு சிவப்பு ரெக்சின் ஸ்டூல் இருந்தது. உட்கார்ந்ததும் அடியில் இருந்து காற்று போகும். புஸ்ஸ்... என்று. சித்தப்பா திடுக்கிட்டு எழப் பார்த்தார். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

"பயப்படாதீங்க, அது எல்லாரையும் அப்படித்தான் வரவேற்கும். சொல்லுங்க, என்ன செய்யுது?"

"வயித்து வலி டாக்டரம்மா. இப்ப... தேவலை."

"தேவலைன்னா சந்தோஷம்தானே. அதுக்கேன் திருடன் மாதிரி முழிக்கிறீங்க?" வயிற்றை அழுத்திப் பார்த்தார். வெந்நீர் கொடுத்தார். வாசல்வரை வந்து, பார்த்துப் போகச் சொன்னார். எத்தனையோ டிரைவர்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்ட சித்தப்பாவுக்கு, அந்த அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு நடந்தபோது உள்ளுக்குள் கூசியது. ஆனால் அளவு பிரமாதமாக வந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் கூச்சம் மறந்துவிட்டது.

திரும்பும் வழியில் கடைசி மில் வாசலில் ஒரு டார்ச் ஆடியது. அங்கே ஒரு வாட்ச்மேன். கயிற்றுக் கட்டில், ஃப்ளாஸ்க், டார்ச்... அவ்வளவுதான் அவர் உடைமை. அந்த ரோட்டில் ராத்திரி யார் போனாலும் டார்ச்சை ஆட்டிக் கூப்பிட்டு டீ கொடுப்பார். பேச்சுத்துணைக்கு ஆள் கிடைக்காத மனிதர். சித்தப்பா வண்டியை நிறுத்தினார்.

அந்த வாட்ச்மேனுக்கு இழுப்பு. வீசிங். மரத்தூளிலேயே கிடந்து கிடந்து வந்தது. பேச்சு நடுவே நெஞ்சுக்குள் விசில் அடிக்கும்.

"சார், ராத்திரியில திடீர்னு முட்டுது. அந்த டாக்டரம்மா வீட்டுக் கதவைத் தட்டலாமா? தூங்கற நேரத்துல போனா ஏசுவாங்களா?"

சித்தப்பா ஸ்டூலில் உட்கார்ந்த சூடு ஆறாத ஆள். அதுவும் தனக்கு ரொம்பத் தெரிந்த விஷயத்தைக் கேட்டுவிட்டார்கள். சும்மா இருப்பாரா?

"தாராளமா போங்க. ஏசவே மாட்டாங்க. ஆனா பெல்லை ஒழுங்கா அடிக்கணும். ஒரு நீளம்... அப்புறம் ரெண்டு குட்டை. அப்படி அடிச்சா டக்குனு எழுந்து வராங்க. நானே பார்த்தேன்."

"ஒரு நீளம், ரெண்டு குட்டை," என்று அவர் திருப்பிச் சொன்னார்.

அப்போது பார்த்து அவர் நெஞ்சு விசிலடித்தது. நீளமாக ஒன்று... பிறகு குட்டையாக இரண்டு. சித்தப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். "பாருங்க, உங்க இழுப்பே அப்படித்தான் அடிக்குது. இனி மறக்கவே மாட்டீங்க!" வாட்ச்மேனும் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமினார்.

அந்தச் சிரிப்பைத்தான் சித்தப்பாவால் பிறகு மறக்க முடியாமல் போனது.

ஒவ்வொரு கிளினிக்கையும் ஒரு முறை அளந்தால் போதாது. சாதாரண நாள், விடுமுறை நாள், மழை நாள் என்று மாற்றி மாற்றிப் போக வேண்டும். இரண்டாம் முறை போனபோது டாக்டரம்மா இறங்கி வர நேரமானது. வந்தவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "நீங்க அன்னிக்கு வந்தவர்தானே?" என்றார். "இல்லைங்களே, நான் இப்பத்தான் மொதல் தடவை," என்றார் சித்தப்பா, முகம் மாறாமல்.

மூன்றாம் முறை அவர் ஸ்டூலில் உட்காரக்கூடச் சொல்லவில்லை. கதவைப் பாதி திறந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முட்டி நடுங்கியது.

"உங்களுக்கு என்னதான் வேணும்? வயசான பொம்பளையை மாடிப்படி ஏறி இறங்க வெச்சு வேடிக்கை பார்க்கறீங்களா? பெல் சத்தமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஒண்ணு நீளம், ரெண்டு குட்டை. இனி அப்படி அடிச்சா நான் இறங்கி வர மாட்டேன்."

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'அம்மா, இது என் வேலை, தப்பா நினைக்காதீங்க' என்று ஒரு வார்த்தை. ஆபீஸ் விதி தடுத்தது. இல்லை... விதி என்று அவர் பிற்பாடு சொல்லிக்கொண்டார். நிஜத்தில் வெட்கம். இரண்டு முறை பொய் சொன்ன வாயால் எப்படிச் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டார்.

நான்காம் முறை மழை நாள் அளவு. கொட்டுகிற மழை. சித்தப்பா மணியை அடித்தார். விதிப்படிதான். ஒரு நீளம், இரண்டு குட்டை. மாடியில் விளக்கு எரிந்தது. ஜன்னல் திரை விலகியது. திரும்ப மூடியது. விளக்கு அணைந்தது.

அவ்வளவுதான். செருப்புச் சத்தம் கேட்கவே இல்லை.

நனைந்துகொண்டே நின்றவர், ஆபீஸுக்கு 'கதவு திறக்கவில்லை' என்று தகவல் அனுப்பினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றிய அம்மாவைப் பற்றித்தான் அந்தத் தகவல். அவரைப் படுக்கையிலேயே இருக்க வைத்தது தான்தான் என்று சித்தப்பாவுக்கு நன்றாகத் தெரியும்.

ஸ்கூட்டரைக் கிளப்பிக் கொஞ்ச தூரம் வந்ததும் பொறி தட்டியது. வாட்ச்மேன்! அவரிடம் சொல்ல வேண்டுமே. 'அப்படி அடிக்காதீங்க, இப்ப அந்த மணிக்கு அவங்க எழுந்து வர மாட்டாங்க, வேற மாதிரி அடிங்க'... இதைச் சொல்ல எத்தனை நேரம் ஆகிவிடும்? மில் வாசல் வந்தது. மழைக்குள் டார்ச் ஆடியது. கூப்பிடுகிறார்.

சித்தப்பா ஹாரனை ஒரு தட்டுத் தட்டினார். கையைக் காட்டினார். நிற்காமல் போய்விட்டார். மழை... சட்டைக்குள் தண்ணீர்... நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

நாளைக்கு அந்தப் பக்கம் வேலை இல்லை. மறுநாளும் இல்லை.

கொஞ்ச நாள் கழித்து அந்த ரோட்டில் போனபோது கட்டிலில் வேறொரு ஆள் உட்கார்ந்திருந்தார்.

"பழைய ஆளா? அவர் போயிட்டார் சார். டாக்டரம்மா வாசப்படியிலேயே... காலையில பால்காரர்தான் பார்த்திருக்கார். சுவத்துல சாய்ஞ்சு உக்காந்த மாதிரியே இருந்தாராம்."

"பெல்... பெல் அடிக்கலையா?"

"யாரு கண்டா? அடிச்சிருந்தா அந்தம்மா வந்திருக்க மாட்டாங்களா? அடிக்கறதுக்கு முன்னாடியே மூச்சு நின்னிருக்கும்னு சொல்றாங்க. பாவம், அந்தம்மாவும் யார்கிட்டயும் வாயே தொறக்கறதில்ல."

சித்தப்பா வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. மணி அடித்திருக்கிறது. அது ஊரில் இரண்டே பேருக்குத் தெரியும். கேட்டுக்கொண்டு படுத்திருந்த டாக்டரம்மாவுக்குத் தெரியும். அப்படி அடிக்கக் கற்றுக்கொடுத்த இவருக்குத் தெரியும். டாக்டரம்மா மனசுக்குள் தன்னையே கொன்றுகொண்டிருப்பார். இவர் போய் 'தப்பு உங்களுது இல்லம்மா, என்னுது' என்று சொன்னால் அந்த அம்மாவின் பாரம் கொஞ்சமாவது இறங்கும். சொல்ல வேண்டியவர் இவர் ஒருத்தர்தான்.

ஆனால் போகவில்லை. அந்த ரோட்டையே விட்டுவிட்டுச் சுற்று வழியில் போனார். ராத்திரி படுத்தால் தூக்கம் கிடையாது. சொல்ல வேண்டிய வார்த்தைகளைச் சுவரைப் பார்த்துச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பார். சித்தி விழித்து, "யார்கிட்ட பேசறீங்க?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, சாப்பிட்டது செரிக்கல," என்பார். பொய் சொல்ல இப்போது நன்றாகப் பழகிவிட்டது.

"அக்கா... போதும்க்கா," என்றாள் மருந்துக் கவுன்ட்டர்காரி.

"நான்தான் மொதல்லயே சொன்னேனே. இங்க தள்ளி உக்காரு."

ஆபீஸ் விடவில்லை. அந்த ஒரு கிளினிக்குக்கு மட்டும் கடைசி அளவு பாக்கி. போயே ஆக வேண்டும். சரி, போவோம், இந்த முறை அளக்க வேண்டாம், சொல்லிவிட்டே வருவோம் என்று கிளம்பினார். ஸ்டாப் வாட்சை வீட்டிலேயே வைத்துவிட்டார். அதுதான் ஆரம்பத்தில் நான் சொன்ன ராத்திரி. பதினொன்றரை மணி... ஏரிக்கரை ரோடு... ஒரே ஒரு ஸ்கூட்டர்.

காற்றே இல்லை. ஏரித் தண்ணீர் அசையவில்லை. கடைசி மில் நெருங்கியது. அந்த வாரம் மில்லுக்கு விடுமுறை. புது வாட்ச்மேனும் இல்லை. கேட்டில் சங்கிலி. கட்டிலைக்கூட நிமிர்த்திச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு டார்ச் ஆடியது.

கூப்பிடுகிற மாதிரி. மெதுவாக... இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

சித்தப்பாவின் கை ஹாரனுக்குப் போனது. அன்றைக்கு மாதிரியே ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஓடிவிடலாம். கை அங்கேயே நின்றது. இன்னொரு முறை அதைச் செய்ய அவரால் முடியவில்லை. பிரேக்கைப் பிடித்தார். இன்ஜினை அணைத்தார். டார்ச் அணைந்தது. கேட்டருகே யாரும் இல்லை. ஈர மரத்தூள் வாசனை மட்டும் மூக்கில் ஏறியது. மழை பெய்து எத்தனையோ நாளாகியிருந்தது.

அவர் செய்ததுதான் எனக்கு இன்றுவரை புரியவில்லை. நானாக இருந்தால் வண்டியைப் போட்டுவிட்டு ஓடியிருப்பேன். அவர் இருட்டைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார்.

"வாங்க. ஏறுங்க. நான் கொண்டு போய் விடறேன்."

ஸ்கூட்டரின் பின்பக்கம் அமுங்கியது.

கிளம்பினார். கண்ணாடியைப் பார்க்கவில்லை. திரும்பவில்லை. பிடரியில் மூச்சு படுவது தெரிந்தது. சில்லென்ற மூச்சு. கூடவே அந்த விசில்... நீளமாக ஒன்று. குட்டையாக இரண்டு. வழியெல்லாம் சித்தப்பா அழுதுகொண்டே ஓட்டினார். "மன்னிச்சுக்கங்க, மன்னிச்சுக்கங்க," என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. விசில்தான் பதில்.

கிளினிக் வாசலில் நிறுத்தினார். வண்டி லேசானது. பின்னால் பார்த்தார். வெறும் சீட். படி ஏறி, கருப்புப் பொத்தானுக்குக் கையை நீட்டினார்.

அழுத்தவில்லை. அதற்குள் கதவு திறந்துவிட்டது.

டாக்டரம்மா நின்றார். பாதியாக இளைத்திருந்தார். அவருக்குப் பின்னால் கதவை ஒட்டி ஒரு நாற்காலி, அதன்மேல் தலையணை. அந்த அம்மா இப்போது மாடியில் படுப்பதே இல்லை. எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. இவரைப் பார்த்ததும் கோபப்படுவார் என்று நினைத்தார். அவர் இவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். கை நெருப்பாகச் சுட்டது.

"நீங்கதானே? அன்னிக்கு ராத்திரி அடிச்சது நீங்கதானே? ஒரு நீளம், ரெண்டு குட்டை. நீங்கன்னு நெனச்சுத்தான் நான் எழுந்திருக்கல. நீங்கதான்னு சொல்லிடுங்க. உங்களைத் திட்ட மாட்டேன். போலீஸ்கிட்ட போக மாட்டேன். நீங்க அடிச்சுட்டுப் போயிட்டீங்க, அந்த மனுஷன் அப்புறமா வந்து, பெல்லைத் தொடறதுக்கு முன்னாடியே... அப்படித்தானே? சொல்லுங்க."

பாருங்கள், எப்படி மாட்டிக்கொண்டார் என்று. 'கற்றுக்கொடுத்தவன் நான், தப்பு என்னுடையது' என்று சொல்லத்தான் வந்தார். அதைச் சொன்னால், அடித்தது அந்த வாட்ச்மேன்தான் என்று ஆகிவிடும். சாகிற மனிதன் கூப்பிட்டான், நீ கேட்டுக்கொண்டே படுத்திருந்தாய் என்று ஆகிவிடும். அந்த அம்மா கெஞ்சுவதோ ஒரே ஒரு பொய்க்கு. இத்தனை நாள் தனக்காக எவ்வளவோ பொய் சொன்னவர்... அவருக்காக ஒன்று சொல்ல மாட்டாரா?

"ஆமாம்மா," என்றார். "நான்தான் அடிச்சேன்."

டாக்டரம்மாவின் தோள் தளர்ந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தைக் கையால் மூடி, "அப்பாடா," என்றார்.

ட்ர்ர்ர்ர்ர்ங்.

இரண்டு பேரும் அசையவில்லை.

ட்ரிங். ட்ரிங்.

டாக்டரம்மா கையை எடுத்தார். கதவைப் பார்த்தார். பிறகு இவரை, இவர் இரண்டு கையையும் பார்த்தார்.

"நீங்க இங்க இருக்கீங்க," என்றார் மெதுவாக.

அதற்குமேல் சித்தப்பாவால் தாங்க முடியவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வேலை, விதி, மழை, ஹாரன்... எல்லாம். "அப்படி அடிக்கச் சொல்லிக் குடுத்தது நான். நீங்க வர மாட்டீங்கன்னு தெரிஞ்சும் சொல்லாமப் போனது நான். மழைன்னு நிக்காமப் போனேன்மா. மழைன்னு..."

டாக்டரம்மா ஏசவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அப்புறம் பேசிக்கலாம். வாசல்ல ஆள் நிக்குது. எவ்ளோ நேரம் காக்க வைக்கறது?"

கதவை அகலத் திறந்தார். வெளியே யாரும் இல்லை. ஸ்கூட்டர், ரோடு, இருட்டு. ஈர மரத்தூள் வாசனை உள்ளே வந்தது. சித்தப்பாவைத் தாண்டிப் போனது. தாண்டும்போது அவர் முழங்காலில் வேட்டித் துணி உரசிய மாதிரி இருந்தது. ஈரத் துணி.

"உள்ள வாங்க. உக்காருங்க," என்றார் டாக்டரம்மா.

புஸ்ஸ்...

சிவப்பு ஸ்டூல் அமுங்கியது. அமுங்கியபடியே நின்றது.

டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டினார். காற்றில் வைத்தார். நெஞ்சு இருக்க வேண்டிய உயரத்தில். கொஞ்சம் நகர்த்தி வைத்தார். முதுகுப் பக்கம் வைத்தார். "நல்லா இழுத்து விடுங்க... இன்னொரு தடவை." காது கொடுத்துக் கேட்டார். கண்ணில் இருந்து தண்ணீர் ஓடியது, ஆனால் குரல் ஆடவில்லை. டாக்டர் குரல். "எத்தனை நாளா இப்படி இருக்கு? ஏன் மொதல்லயே வரல?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்காக நிறுத்தினார். ஏதோ பதில் வந்திருக்க வேண்டும். தலையை ஆட்டினார்.

பிறகு சித்தப்பாவைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க," என்றார்.

வாசப்படியில் உட்கார்ந்தார். எந்தப் படி என்று உங்களுக்குத் தெரியும். சுவரில் சாய்ந்துகொண்டார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வாழ்க்கையில் முதல் முறையாக நேரம் என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் டாக்டரம்மா வந்தார். முகம் தெளிந்திருந்தது.

"அனுப்பி வெச்சுட்டேன். இப்ப அவருக்கு இழுப்பே இல்ல. நெஞ்சு சுத்தமா இருக்கு. நீங்களும் வீட்டுக்குப் போங்க."

வீட்டுக்குத் திரும்பும்போது மில் இருட்டாகக் கிடந்தது. டார்ச் இல்லை. வாசனை இல்லை. ஸ்கூட்டர் லேசாக ஓடியது. ஆனால் அந்த விசில் மட்டும் கூடவே வந்தது. வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். வெறும் சீட். இன்ஜினை அணைத்துவிட்டு உற்றுக் கேட்டார். விசில் நிற்கவில்லை. பின்னால் இருந்து வரவில்லை. அவர் சட்டைக்குள் இருந்து வந்தது.

டாக்டரம்மா இப்போதும் கீழே, கதவருகேதான் தூங்குகிறார். ஆய்வு முடிந்தபோது மற்ற கிளினிக் எதுவும் வேகத்தில் அவர் கதவுக்குக் கிட்டே வரவில்லையாம். வேறொரு ஆளை அனுப்பி அளந்திருக்கிறார்கள். அந்த ஆள் மணியில் கை வைக்கும் முன்பே கதவு திறந்ததாம்.

சித்தப்பாவுக்குத் தும்மல் இருமல்கூட அதிகம் வராத உடம்பு. இப்போது உட்கார்ந்துகொண்டேதான் தூங்குகிறார். என் எக்ஸ்ரே ரூம் சிநேகிதி அவரை வலுக்கட்டாயமாக ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்தாள். ரத்தம் எடுத்தது நான்தான். ஒரு குறையும் இல்லை. மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே அந்த விசில் கேட்டது. "மருந்து சாப்பிடுங்களேன் சார்," என்றேன். "இது என்னோடது இல்லம்மா," என்றார் ரொம்ப மரியாதையாக.

பிறகு எக்ஸ்ரே. ரூம் கதவைச் சாத்தி, நெஞ்சைப் பலகையில் ஒட்டி நிற்க வைத்தாள். எல்லாருக்கும் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள்.

"மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க சித்தப்பா. விடாதீங்க."

அவர் இழுத்துப் பிடித்தார். வாயை இறுக்கி மூடிக்கொண்டார். நெஞ்சு அசையவில்லை. படம் எடுத்துவிட்டாள். 'விடுங்க' என்று சொல்ல வேண்டியவள் சொல்லவில்லை. அப்படியே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க நிற்க... அந்த அடைத்த ரூமுக்குள் விசில் வந்துகொண்டே இருந்தது. நீளமாக ஒன்று. பிறகு குட்டையாக இரண்டு.